பாலத்தின் நடுவில் மூன்று பேர்

காலை ஒன்பது மணிக்குப் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கிவிட்டார்கள்.

"அவங்கவங்க மூட்டையை எடுத்துக்கிட்டு நடந்து பாலத்தைத் தாண்டுங்க. வண்டி சுத்தி வந்து அந்தப் பக்கம் நிக்கும். பத்து மணிக்கு எடுத்துடுவேன். யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்" என்றார் கண்டக்டர். அவர் முகத்தைப் பார்த்தால் சொந்த மாமியாருக்காகக்கூடக் காத்திருக்க மாட்டார் போலிருந்தது.

சுண்டுவும் அப்பாவும் இறங்கினார்கள். சுண்டு பதினோரு வயதுப் பெண். வயதுக்கு ரொம்பச் சின்ன உருவம் என்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிடுவார்கள். அப்பா சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் நகத்துக்குள் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கேதான் அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தாள். இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. முந்தாநாள் அங்கிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இன்றைக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கு ஆபரேஷன்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்துடுங்க" என்றார் போனில் பேசிய நர்ஸ்.

ஏன் முன்னாடி என்று அப்பா கேட்கவில்லை. சுண்டுவும் கேட்கவில்லை. அன்றைக்கே மூட்டை கட்டினார்கள்.

விமானமெல்லாம் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கொஞ்சம் விலை கூடின பஸ்ஸில் ஒரு ஆள் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் போய், சீல் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாராம். இவர்கள் வந்தது இருப்பதிலேயே மலிவான பஸ். இதில் ஜன்னலைத் திறக்கவே இரண்டு ஆள் வேண்டும். சீல் எங்கே போடுவது என்று யார் சொல்லித் தரப் போகிறார்கள்?

அப்பாவுக்கு ஒரு பழக்கம். தெரியாத இடத்தில் கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே போவார். "எல்லாருமா தப்பா போவாங்க?" என்பார்.

அங்கே இரண்டு வரிசை இருந்தது. ஒன்று நகரவே இல்லை. இன்னொன்று விறுவிறுவென்று போனது. அப்பா விறுவிறு வரிசையில் சேர்ந்தார். முன்னால் போனவர்கள் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, சுழலும் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்ன சீட்டு அது என்று அப்பா யோசிப்பதற்குள் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. இருவரும் கதவைத் தாண்டிப் பாலத்தில் நின்றார்கள்.

"பார்த்தியா, எவ்வளவு சுலபம்" என்றார் அப்பா.

பாலத்தின் மறுமுனையில் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியம்மா அவர்கள் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"உங்க நாட்டை விட்டு வெளியே வந்ததுக்கு சீல் எங்கே?"

"எந்த சீலுங்க, மேடம்?"

"நீங்க வந்தது தினமும் வேலைக்குப் போய் வர்றவங்க வரிசை. அவங்களுக்குச் சீட்டு போதும். உங்களுக்கு சீல் வேணும். திரும்பிப் போய்ப் போட்டுக்கிட்டு வாங்க."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்கள். இரும்புக் கதவு ஒரே பக்கமாகத்தான் சுழலும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"இது வெளியே போற வழி. உள்ளே வரணும்னா அந்த நாட்டு சீல் இருக்கணும்."

"அவங்க தர மாட்டேங்கிறாங்களே, சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

காக்கிச் சட்டையைக் கண்டால் அப்பாவுக்குப் பேச்சு வராது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கீழே சேறும் ஆறும். சுண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வாங்க, வாங்க" என்றது ஒரு குரல்.

பாலத்தின் நடுவே ஒரு பெஞ்சு. அதில் ஒருவர் பெரிய கரண்டியும் துணிப்பையுமாக உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, தாடி முளைத்திருந்தது.

"இதுதான் என் நாடு. ஜனத்தொகை இன்னிக்குக் காலை வரைக்கும் ஒண்ணு. இப்ப மூணு" என்றார்.

அவர் ஒரு சமையல்காரர். வேலை தேடிப் போகிறார். நேற்று மத்தியானம் அதே வரிசையில் அதே தப்பைச் செய்துவிட்டு, அப்போதிலிருந்து அங்கேயே இருக்கிறார்.

"நீங்க யார்கிட்டேயும் சொல்லலையா, மாமா?" என்று கேட்டாள் சுண்டு.

"எப்படிம்மா சொல்றது? சீட்டு இல்லாம கதவைத் தாண்டினேன்னு சொன்னா பிடிச்சு உள்ளே போட்டுட்டா? வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

அப்பா தலையாட்டினார். அவரும் அதற்குப் பயந்துதான் காவலாளியிடம் முழுதாகச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நான்கு மணி ஆபரேஷனைப் பற்றிச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் என்னால வந்தது. உங்கம்மா வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா" என்றார்.

அந்தக் கரையில் அவர்களுடைய பஸ் வந்து நின்றது கம்பி வழியே தெரிந்தது. அதை விட்டால் அடுத்த பஸ் நாளைக்குத்தான். மணி ஒன்பதரை.

சுண்டு எழுந்து கதவருகே போனாள். கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் போனாள். அங்கே காவலாளி அவளைக் கவனிக்கிற நிலையில் இல்லை. தகரப் பெட்டியைக் கவிழ்த்து, மஞ்சள் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆள் போகப் போகக் கட்டைவிரலால் அமுக்கி எண்ணுகிற சின்னக் கருவி ஒன்று அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நெற்றியில் வியர்வை.

போன் அடித்தது. எடுத்தார்.

"சார்... ஆள் நானூத்திப் பன்னெண்டு சார். சீட்டு நானூத்திப் பத்து... ஆமா சார், நேத்து ஒண்ணு இடிச்சுது... இல்ல சார், தூங்கலை சார்... சார், பிள்ளைகுட்டிக்காரன் சார். வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க."

போனை வைத்துவிட்டுக் காவலாளி சுவரில் சாய்ந்துகொண்டார். அதட்டிய மனிதரா இவர் என்றிருந்தது. அப்பாவின் முகமும் இவர் முகமும் இப்போது ஒரே மாதிரி இருந்தன.

நேற்று ஒருவர். இன்று இருவர். சுண்டுவுக்குச் சட்டென்று புரிந்தது.

ஓடிவந்து சொன்னாள். அப்பா பதறினார். "சும்மா இரு. நாமளே போய்த் தலையைக் குடுக்கிறதா?"

"அவரு நம்மளாலதான் திட்டு வாங்குறாருப்பா. நாம சொல்லலைன்னா அவருக்கு வேலை போயிடும். நாமளும் இங்கேயே கிடப்போம். அம்மா மட்டும் தனியா..."

அப்பாவின் பதிலுக்கு சுண்டு காத்திருக்கவில்லை. கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அந்த ரெண்டு பேர் நாங்கதான்."

"எந்த ரெண்டு பேர்?"

"சீட்டு இடிக்குதே, அது. நானும் எங்கப்பாவும். தெரியாம இந்த வரிசையில வந்துட்டோம். நேத்து இடிச்ச ஒண்ணு அதோ, கரண்டி வச்சிருக்கிற மாமா."

காவலாளி அவளை முறைத்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார்.

"ராத்திரி முழுக்க வீட்டுக்குப் போகாம அந்த ஒண்ணைத் தேடினேன்" என்றார். "கண் எதிர்லயே பெஞ்சுல உக்காந்திருக்கார். வாங்க, மூணு பேரும் வாங்க."

மேலதிகாரியின் அறை. காவலாளி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். மேலதிகாரி கருவியைப் பார்த்தார், சீட்டுக்கட்டைப் பார்த்தார், இரண்டு பேரின் பாஸ்போர்ட்டிலும் டப் டப் என்று சீல் குத்தினார். மணி பத்தாக எட்டு நிமிடம்.

சமையல்காரர் முறை வந்தது.

"இவர் கதவைத் தாண்டினது நேத்து. அந்தத் தேதி போட்டு சீல் குத்தணும்னா, இன்னிக்குக் காலையில இவர் பாலத்துலதான் இருந்தார்னு பார்த்தவங்க யாராவது எழுதிக் குடுக்கணும். காவலாளி எழுதினா செல்லாது" என்றார் மேலதிகாரி.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். சுண்டுவின் கையைப் பிடித்தார்.

"நீங்க கிளம்புங்க" என்றார் சமையல்காரர். "அந்தப் பெஞ்சு எனக்குப் பழகிப்போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லும்போது அவர் உதடு துடித்ததை சுண்டு பார்த்தாள். அம்மாவை நினைத்தால் ஓடவேண்டும் போலிருந்தது. இவரைப் பார்த்தால் கால் நகர மறுத்தது.

"எழுதுங்கப்பா. வேகமா எழுதுங்க" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கினார். இரண்டு தாள் எழுத வேண்டியிருந்தது. முதல் தாளில் அவசரத்தில் அடித்தல் விழுந்ததால், அதையும் திரும்ப எழுதினார்.

மூவரும் பாலத்தில் ஓடினார்கள். கண்ணாடி போட்ட அதிகாரியம்மா இந்த முறை ஒன்றும் கேட்காமல் சீல் குத்தினார். வெளியே வந்தால், பஸ் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. மணி பத்து இருபது.

அப்பா மூட்டையைக் கீழே போட்டார். சுண்டு அழுதே விட்டாள். இவ்வளவு நேரம் அடக்கிவைத்த அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க" என்றார் சமையல்காரர்.

அங்கே சரக்கு லாரிகள் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொரு லாரியாகப் போய்ப் பேசினார். ஒரு டிரைவர் முடியாது என்றார். இன்னொருவர் காதிலேயே வாங்கவில்லை. மூன்றாவது ஆள் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஏழாவது லாரிக்காரர் மட்டும் இறங்கிவந்து சுண்டுவின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்ற ஆஸ்பத்திரி வழியாத்தான் போறேன். மேலே வெங்காய மூட்டை இருக்கு. அது மேல உக்காந்து வர்றதுன்னா ஏறுங்க."

சமையல்காரருக்கு வேறு திசையில் போகவேண்டும். லாரி கண்ணுக்கு மறைகிற வரை கரண்டியைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றார்.

ஐந்து மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் ஒரு சக்கரம் வேறு பஞ்சராகி, அதைக் கழற்றி மாட்டினார்கள். சுண்டு மனசுக்குள் எதை எதையோ நினைத்துப் பயந்தாள். இப்போது நேரமாகிவிட்டால் அது யார் தப்பு? அவள்தானே எழுதச் சொன்னாள்?

ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறும்போது நான்காக ஐந்து நிமிடம். மூன்றாம் மாடித் தாழ்வாரத்தின் கடைசியில், சக்கரக் கட்டிலில் யாரையோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அம்மா" என்று கத்தினாள் சுண்டு.

கட்டில் நின்றது.

அம்மா இளைத்துப்போயிருந்தாள். பச்சை அங்கியில் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். கண்ணில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. சுண்டு அவள் கையைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது.

"வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றாள் அம்மா. பிறகு மூக்கைச் சுருக்கினாள். "இது என்னடி நாத்தம்?"

"வெங்காய லாரியில வந்தோம்மா."

"உங்கப்பாவுமா?"

அப்பா தலைமுடியிலிருந்து வெங்காயச் சருகு ஒன்றை எடுத்தார். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். கட்டிலைத் தள்ளியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நேரமாச்சும்மா" என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடியது.

அப்புறம் மூன்று மணி நேரம் சுண்டுவும் அப்பாவும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இரண்டு முறை அழுதார். அவர் அழுததை மறைக்கவில்லை.

ஏழு மணிக்கு டாக்டர் வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார்.

"கட்டியை எடுத்தாச்சு. பயப்படாதீங்க, பிழைச்சுட்டாங்க. ரெண்டு நாள்ல எழுந்து உக்காருவாங்க." பிறகு சுண்டுவைப் பார்த்தார். "ஆமா, காலையில பயத்துல கையெழுத்துக்கூடப் போட முடியாம இருந்தாங்க. சாயங்காலம் மயக்க மருந்து குடுக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்களே, என்ன விஷயம்?"

"எங்களைப் பார்த்துட்டாங்க, டாக்டர்" என்றாள் சுண்டு.