வெங்கடரமணன் உட்கார்ந்த நாற்காலி

செல்லூர்ச் சந்துக்குள் ரிக்‌ஷா போகாது என்று ரிக்‌ஷாக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டார். வசுந்தரா தகரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். இருபுறமும் விசைத்தறிகள் கடகடத்துக்கொண்டிருந்தன. முன்னால் அவள் கணவன் போய்க்கொண்டிருந்தான். எத்தனை தடவை "என்னங்க" என்று கூப்பிட்டும் திரும்பாமல், தூக்கத்தில் நடப்பவனைப் போல ஒரு பழைய வீட்டின் மாடிப்படியில் ஏறி மறைந்தான்.

கோயம்புத்தூர் பஸ் காளவாசலில் நின்றபோது "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று இறங்கியவன். நாளைக் காலை மில்லில் வேலைக்குச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். இதற்கு முன்பும் இரண்டு தடவை இப்படித்தான், ஊரை விட்டுக் கிளம்பிய அன்று காணாமல் போயிருந்தான். "செல்லூர்ல எவளோ இருக்கா" என்று அவள் அப்பா சொன்னார். இன்னொரு தடவை நடந்தால் மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும் சொல்லியிருந்தார்.

மாடி அறையில் பெண் யாரும் இல்லை. தரையில் ஒரு பாய், அதில் அவள் கணவன் ஹரிராமும் அவன் சிநேகிதன் சோணையும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு மர நாற்காலி காலியாகக் கிடந்தது. நடுவே பல முகங்கள் கொண்ட கண்ணாடிப் பகடைகள் சில சிதறியிருந்தன.

"நீ ஏன் வசு இங்க வந்த?" என்றான் ஹரிராம். வீட்டில் பேசும் தாய்மொழியை விட்டு, சோணைக்கும் புரியட்டும் என்று தமிழில் கேட்டான். முகம் வெளிறியிருந்தது.

"பஸ் போயிருச்சு. எந்திரிங்க, அடுத்த பஸ்ஸையாவது பிடிப்போம்."

"எந்திரிக்க முடியாது தங்கச்சி," என்றான் சோணை. "நானும் எங்கக்கா மகளுக்குக் காதுகுத்துன்னு உசிலம்பட்டி பஸ் ஏறினவன்தான். தாய்மாமன் நான் இங்க குத்தவச்சிருக்கேன். அங்க எவன் மடியில பிள்ளைய வச்சுக் குத்துறாகளோ! காளவாசலத் தாண்டுனது தெரியும். கண்ண முழிச்சா இந்தப் பாயி. பொழுது அடைஞ்சாத்தான் விடும்."

அவன் சிரிக்கத்தான் பார்த்தான்.

ஹரிராம் மெல்லச் சொன்னான். தங்களுக்கு மூத்த சிநேகிதரான வெங்கடரமணன் அண்ணன் வேலை பார்த்த லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன ஆட்டம் இது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போய், தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நாகமலைக்கு அடியில் ஒரு குகை என்று அண்ணன் ஆரம்பித்தால் கையில் ஈரம் ஒட்டும். சண்டை வந்தால் தீர்த்துவைப்பதும் அவர்தான், பேசாமல் இருப்பவனைப் பேசவைப்பதும் அவர்தான்.

"வாராவாரம் ஆட்டம் முடிக்கிறப்ப ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி, வெளிய வந்துட்டான்னு சொல்வாரு. அதுக்கப்புறந்தான் எந்திரிப்போம். அது எங்க வழக்கம். கடைசியா ஆடின அன்னைக்கு வடை வாங்கிட்டு வாரேன், நான் வர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்காதீங்கன்னு போனாரு. காளவாசல்ல லாரி அடிச்சுப் போயிட்டாரு. சேதி கேட்டு நாங்களா எந்திரிச்சு ஓடினோம்."

"யாரும் உங்களை வெளியே கூப்பிடலை," என்றாள் வசுந்தரா.

"யாரும் கூப்பிடலை."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். "யாராவது அதுல உட்கார்ந்து சொன்னா?"

"உள்ள இருக்கவன் அதுல உக்கார முடியாது தங்கச்சி. முயற்சி பண்ணிப் பார்த்துட்டோம்."

"நான் உள்ளே இல்லையே."

"வேணாம் வசு," என்று ஹரிராம் கையை நீட்டினான். பாயின் விளிம்பைத் தாண்ட அந்தக் கையால் முடியவில்லை.

அவள் உட்கார்ந்தாள்.

கீழே தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. கரண்ட் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில் இருந்தும் அறைக்குள் இருட்டு தரையிலிருந்து ஊறி மேலே வந்தது. வௌவால் எச்சத்தின் வாடை. எங்கோ ஆழத்தில் கல் மேல் நீர் சொட்டும் சத்தம்.

நாற்காலியின் மரம் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன சூடு.

"சோணை," என்றாள் அவள். "சோணை குகையை விட்டு வெளியே வந்துட்டார்."

சோணை துள்ளி எழுந்தான். தன் கால்களைத் தானே தொட்டுப் பார்த்தான். "மாப்ள! எந்திரிச்சிட்டேன்டா!" என்று அழுதபடியே படிக்கு ஓடினான்.

அடுத்த பெயர் அவள் வாயில் வர மறுத்தது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு தடவைகூடக் கணவன் பெயரைச் சொன்னதில்லை. மாமியார் கேட்டபோதுகூடச் சிரித்து மழுப்பியவள்.

"சொல்லு வசு," என்று இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கெஞ்சியது. அது தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஹரிராம்," என்றாள். கண்ணீர் வந்தது. "என் ஹரிராம் வெளியே வந்துட்டார்."

அவன் பாயைத் தாண்டி வந்து அவள் கையைப் பற்றி இழுத்தான். அவள் அசையவில்லை. தோள், இடுப்பு, கால் எல்லாம் மரத்தோடு ஒட்டியதுபோல் கனத்தன.

"நீங்க கீழே போங்க. இங்கே நின்னா மறுபடியும் மாட்டிக்குவீங்க. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க, பின்னாலயே வாரேன்."

"சத்தியமா வருவியா?"

"போங்கன்னா."

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். கடைசிப் படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. இனி அவனுக்கு ஊர் உண்டு, வேலை உண்டு. அவளும் எழுந்துவிட்டால் போதும்.

எழ முடியவில்லை.

ஒருவர் இன்னும் பாக்கி என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. எல்லோரையும் வெளியே கூப்பிட்டவரை யார் கூப்பிட்டார்கள்?

"வெங்கடரமணன்," என்று கிசுகிசுத்தாள். "வெங்கடரமணன் வெளியே வந்துட்டார்."

சொட்டும் சத்தம் நின்றது.

எதிரே, காலியான பாயில் மெதுவாக ஒரு பள்ளம் விழுந்தது. யாரோ சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்த பள்ளம்.

"நான் உள்ள போகவே இல்லையேம்மா," என்றது ஒரு மென்மையான குரல். "எப்படி வெளிய வர்றது?"

அவளால் கத்த முடியவில்லை.

"ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் எவனாவது கதை சொல்லுங்கடா, நானும் பாயில உக்காந்து ஆடுறேன்னு எம்புட்டுத் தடவ கேட்டிருப்பேன். நீங்க சொன்னாத்தாண்ணே நல்லாருக்கும்னு சொல்லியே என்னைய அந்த நாற்காலியில வச்சிட்டாங்க." குரலில் கோபமே இல்லை. ஆசை மட்டும் இருந்தது. "நீ நல்லாச் சொல்றேம்மா. குரல் நல்லாருக்கு."

பகடை ஒன்று தானாக உருண்டு அவள் கால் விரலைத் தொட்டு நின்றது.

"சொல்லு. குகை வாசல்ல நிக்கிறேன். நான் என்ன பாக்குறேன்?"

பதில் சொல்லக்கூடாது என்று அவள் பற்களைக் கடித்தாள். ஆனால் அவள் அறியாத பாறைகளும் படிகளும் கிளைத்துக் கிளைத்துப் போகும் வழிகளும் நெஞ்சுக்குள் நிரம்பி, தொண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஒரு வருஷம் சொன்னாலும் தீராத கதை.

"உன் முன்னால ஒரு வழி இருட்டா இறங்குது," என்றாள் வசுந்தரா.

படியில் யாரோ தடதடவென்று ஏறிவரும் சத்தம். "வசு! கதவைத் திற! வசு!" ஹரிராம் தோளால் இடித்தான். சோணையும் சேர்ந்து இடித்தான்.

தறிச்சாமான் ஏற்றுவதற்காக எப்போதோ கழற்றிய பிறகு, அந்த அறைக்குக் கதவே கிடையாது.