மூடி வைத்த கிளாஸ்

கிளாஸில் நுரை அடங்கவே இல்லை. உள்ளே நுழைந்ததும் பூட்டுக்காரனின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

அவனுடைய மாமா, அக்காவின் கணவர், முந்தாநாள் சாயங்காலம் "இதோ வந்துடறேன்" என்று இந்தத் தெருமுனை பாருக்குக் கிளம்பியவர். இன்னும் வீடு திரும்பவில்லை. அடுப்புகூடப் பற்றவைக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்த அக்கா, "அவரைக் கையோட கூட்டிட்டு வாடா" என்று தம்பியை மழையில் அனுப்பியிருந்தாள்.

"உங்க மாமாவா? இங்கதான் இருக்கார்." பார்க்காரர் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். "பின்னாடி போயிருக்கார். கிளாஸ் மூடியிருக்கு பாருங்க."

இந்த பாரில் அது வழக்கம். நடுவில் எழுந்து போகிறவர், கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையை எடுத்து அதன் வாயை மூடிவிட்டுப் போவார். திரும்பி வருவேன், என் இடத்தில் உட்காராதே என்று அர்த்தம். மூடிய கிளாஸை யாரும் தொடமாட்டார்கள்.

"எப்ப போனார்?"

"இப்பத்தான்."

முந்தாநாள் வந்த மனுஷன் இப்பத்தானா? நுரை அடங்காத அந்தக் கிளாஸைத் தொட்டுப் பார்த்தான். ஐஸாகச் சில்லிட்டது. கேட்காமலேயே அவன் முன்னால் ஒரு சோடா வந்து நின்றது. கூரையில் மழை தடதடக்க, ஈரத் துடைப்பமும் புளித்த மாவும் கலந்தது போன்ற ஒரு வாடை தரையிலிருந்து மெல்ல எழும்பி மூக்கில் ஏற, அவன் சுற்றிலும் பார்த்தான். மேஜைக்கு மேஜை கிளாஸ்கள் இருந்தன. எல்லாம் மூடியிருந்தன. ஆள் என்று பார்த்தால் ஒரே ஒருவர்தான், கழுத்தில் அளவு டேப்போடு ஒரு தையல்காரர். பின்பக்கக் கதவிலிருந்து, யாரோ உள்ளங்கையால் பலகையைத் தடவுவதுபோல ஓர் ஓசை வந்துகொண்டே இருந்தது.

தையல்காரர் எழுந்து வந்து கைக்குட்டையை நீட்டினார். "தலையைத் துவட்டிக்கோங்க தம்பி. சளி பிடிச்சுக்கும்."

பூட்டுக்காரன் வாங்கவில்லை. தாயில்லாத அவனை வளர்த்த அக்கா, சோற்றோடு சேர்த்து ஊட்டியது ஒன்றே ஒன்று: யாரையும் நம்பாதே. வளர்ந்து பூட்டுத் தொழிலுக்கும் வந்துவிட்டான். "தன் நிழல்கிட்டயே சாவியைத் திருப்பிக் கேட்பான்" என்று மாமா கேலி செய்வார்.

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "பின்னாடி போகாதீங்க. போயே ஆகணும்னா கிளாஸை மூடாம போங்க. அதோ, அந்த மூடின கிளாஸ் என் தம்பியோடது. எத்தனை தடவை கொட்டினாலும் ரொம்பிடுது. வாங்க, குடை இருக்கு. வீடு வரைக்கும் நானே கொண்டு விடறேன்."

முன்பின் தெரியாதவனுக்கு எதற்குக் குடை? எதற்குக் கைக்குட்டை? கிளாஸை ஏன் மூடக் கூடாது? அந்தப் பக்கம் போனதும் எதையாவது கலந்துவிடவா? இவரும் பார்க்காரரும் கூட்டாளிகளோ? மாமாவையும் இப்படித்தான் மடக்கினார்களோ?

கடவுள் நீட்டும் கை பல நேரம் ஒரு கைக்குட்டை அளவுதான் இருக்கும். பூட்டுக்காரனுக்கு அது திருட்டுக் கையாகத்தான் தெரிந்தது.

தையல்காரரை முறைத்துக்கொண்டே அட்டையை எடுத்தான். சோடாவின்மேல் அழுத்தி மூடினான். பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இருட்டு. அதே புளித்த வாடை. பழகிய கை கதவில் தாழ்ப்பாளைத் தேடியது. இல்லை. கைப்பிடி இல்லை. சாவித்துளை இல்லை. வெறும் பலகை, பல கைகள் தடவித் தடவி வழவழவென்று தேய்ந்த பலகை.

"மாமா?"

பக்கத்தில் ஒரு தோள் உரசியது. இந்தப் பக்கம் இன்னொன்று. பின்னால் இன்னும் பல. ஈரக் கை ஒன்று அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"கத்தாதேடா," என்றது மாமாவின் குரல். "கேட்காது."

கதவில் மயிரிழை போல ஒரு விரிசல். கண்ணை வைத்தான். வெளிச்சம். அவன் சோடாவில் குமிழி விடாமல் ஏறிக்கொண்டிருந்தது.

வாசல் கதவு திறந்தது. தொப்பலாக நனைந்து அக்கா நின்றாள்.

"என் தம்பி இங்க வந்தானா?"

"பின்னாடி போயிருக்கார். கிளாஸ் மூடியிருக்கு பாருங்க."

"அக்கா!" கத்தினான். கதவை இரண்டு கைகளாலும் ஓங்கி அறைந்தான். பலகையைத் தடவியது போன்ற ஓசைதான் எழுந்தது.

அங்கே, தையல்காரர் எழுந்தார். கைக்குட்டையை நீட்டி ஏதோ சொன்னார். கும்பிடக்கூடச் செய்தார்.

வாங்கிக்கோ அக்கா. அதை வாங்கிக்கோ.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கைக்குட்டையை ஒதுக்கித் தள்ளினாள். பார்க்காரர் அவள் முன் ஒரு சோடாவை வைத்தார். பின்பக்கக் கதவைப் பார்த்தாள். தையல்காரரை மறுபடி பார்த்தாள்.

அவரிடமிருந்து கண்ணை எடுக்காமலே, அவள் விரல்கள் வட்ட அட்டையைத் தேடி எடுத்தன.