நான் இருந்த அரை வயிற்று விரதம்

எங்கள் வீட்டுக்கு வந்த வினை என் வாய் வழியாகத்தான் வந்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம். விடிவதற்கு முன்பே ரப்பர் தோட்டத்து முள்வேலி கேட்டில் வரிசையாக நிற்போம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, மடியை அவிழ்த்து, பால் வாளியைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் வேலைக்கு விடுவார்கள். வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளவே கூடாது. தோட்டத்துப் பொதுச் சமையலறையில் ஆக்கி, தலைக்கு இவ்வளவு என்று சோறாகத்தான் கொடுப்பார்கள். அங்கே சோறு வடிப்பவர்களில் ஒருத்தி என் அக்கா நவமணி. அவள் வீட்டில்தான் நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று கேட்டில் போலீஸ் சார்ஜன் என் வாளியைத் தட்டி, "அரிசி இருக்கா?" என்று கேட்டார். வரிசையைச் சிரிக்க வைக்காவிட்டால் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது. எனக்குத் தெரிந்த மலாயில் எடுத்துவிட்டேன்.

"இதுல ஏது துவான்! தோட்டத்து அரிசியெல்லாம் எங்க அக்கா மக கங்கா வயித்துக்குள்ள இருக்கு. வேணும்னா அங்க போய்ச் சோதிங்க!"

வரிசை சிரித்தது. சார்ஜன் சிரிக்கவில்லை.

கங்காவுக்குப் பதினாலு வயது. குண்டுதான். அக்கா புருசன் உடையப்பன் மச்சான் வீட்டு வழியில் எல்லாருக்குமே அந்த உடம்பு. ஆனால் சார்ஜன் மத்தியானம் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். அளந்து போடுகிற சோற்றில், சோறு வடிக்கிறவள் மகள் மட்டும் எப்படி இப்படி?

சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் காளியண்ணன் வந்து சொன்னார். கங்காவுக்கு இனி அரைப் பங்குச் சோறு, மரவள்ளிக் கிழங்கு கூடாது, காலையும் மாலையும் நடக்க வேண்டும், ஞாயிறுதோறும் எடை. மாதக் கடைசிக்குள் உடம்பு இறங்காவிட்டால் திருட்டு அரிசி என்று முடிவு கட்டி, அக்காவை ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். விசாரணைக்குப் போனவர் திரும்பி வந்த கதை எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது.

"அக்கா... என் மேல கோவமா?"

"கை கழுவிட்டு வா. கொழம்பு ஆறுது."

அதுதான் என் அக்கா. அவளிடம் ஒரு கேள்விக்கு நேரான பதில் வாங்குவதைவிட, பட்டுப்போன மரத்தில் பால் எடுத்துவிடலாம்.

நடக்கச் சொன்னார்களே தவிர, எங்கே நடப்பது என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவரைத் தவிர யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே கங்கா முள்வேலியை ஒட்டி உள்ளேயே சுற்றினாள். பொடிசுகள் பின்னாலேயே போய், "லோரி வருது, ஒதுங்கு!" என்று கத்தின. வேலை முடிந்து வந்ததும் நானும் அவளோடு சுற்றினேன்.

"மாமா, நான் சுத்திச் சுத்தி நல்லா மெலிஞ்சுட்டா இந்தக் கம்பிக்கு நடுவுல பூந்து வெளிய போயிடலாம்ல?"

"தாராளமா போலாம்லா."

"போயி?"

நான் அவள் கையைப் பிடித்து இன்னொரு சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எடை போடுவது ரப்பர் ஸ்டோர் தராசில். ரப்பர் சீட்டுக் கட்டு ஏற்றுகிற பலகையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். சுற்றிலும் சனம். "தராசு உக்காந்துரப் போவுது!" என்று எவனோ சொல்வான். முன்பெல்லாம் அந்த எவனோ நானாகத்தான் இருந்திருப்பேன்.

முதல் எடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சபதம் போட்டேன். "அக்கா, இவ எடை இறங்கற வரைக்கும் எனக்கும் அரைப் பங்குதான். மிச்சத்த நீ சாப்பிடு!"

"சரி," என்றாள் அக்கா.

ஆரம்பத்தில் பாடாய்ப் பட்டேன். பாலுக்காக மரம் வெட்டும்போது கை நடுங்கி உளி கட்டை வரை இறங்கிவிட்டது. பட்டையில் காயம் பட்டால் மரத்துக்கு ஆயுசுக்கும் கேடு. "இன்னொரு காயம் போட்டே, உன் பேரையே வெட்டிடுவேன்!" என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கத்தினான். ஆனால் அடுத்த வாரமே உடம்பு பழகிவிட்டது. கை நடுக்கம் நின்றது, தெம்பு வந்தது. விடுவேனா? வேலைக்குப் பிரிக்கிற பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்வரை பிரசங்கம் செய்தேன்.

"மனுசனுக்கு அரை வயிறு போதும்யா! மனசுதான் காரணம்!"

கங்காவுக்கும் அதே உபதேசம். "என்னையப் பாரு! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்களுக்கென்ன மாமா..." என்று ஆரம்பிப்பாள். அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். கங்கா வாயை மூடிக்கொள்வாள்.

கங்கா முதலில் கொஞ்சம் இறங்கினாள். அப்புறம் முள் நகரவே இல்லை. ஆனால் அக்கா தேய்ந்துகொண்டே போனாள். ரவிக்கைக் கை தொளதொளத்தது, வளையல் முழங்கை வரை ஓடியது. மச்சான் கணக்குப் போட்டுவிட்டார்.

"அடியே, உன் சோத்த அவளுக்குக் கொட்டுறியா? பாசமா இது? எல்லாரையும் கம்பி எண்ண வைக்கப் போற!"

அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் சும்மா இருந்தேனா? "ஏங்க்கா, நானே அரை வயித்துல இருக்கேன்... நீ இப்பிடிப் பண்ணலாமா?" என்று கூடச் சேர்ந்துகொண்டேன்.

அதற்கு மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

கடைசி ஞாயிறு. தராசு முள் போன வாரத்து இடத்திலேயே நின்றது. சார்ஜன் ஜீப்பைக் காட்டி அக்காவை ஏறச் சொன்னார்.

"எத்தன தடவ சொன்னேன்!" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "கொட்டாதே, கொட்டாதேன்னு சொன்னேனே... பாவி!"

"அம்மா ஒரு பருக்கைகூடக் குடுக்கலப்பா!" கங்கா தராசின் மேலே நின்றபடியே அலறினாள். "கேட்டேன்... அழுதுகிட்டே கேட்டேன்... அப்பக்கூடக் குடுக்கல! அம்மா வடிச்ச கஞ்சித் தண்ணியத்தான் குடிக்குது!"

அக்கா ஜீப்பை நோக்கி நடந்தாள். பாதி வழியில் கால் மடங்கிச் சரிந்தாள்.

காளியண்ணன் ஓடிப்போய்த் தாங்கினார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், கையைத் தூக்கினார். வளையல் கழன்று மண்ணில் விழுந்தது.

"சார்ஜன், இந்தக் கையப் பாருங்க. அரிசி திருடறவ கையா இது? சோத்துப் பானை பக்கத்துலயே நின்னுகிட்டுப் பட்டினி கெடக்குறா!"

சார்ஜன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் தனியாக ஏறிக்கொண்டார்.

காளியண்ணன் கங்காவைக் கீழே இறக்கினார். "வளர்ற புள்ள. நடக்கட்டும், நல்லது. ஆனா முழுப் பங்கு சாப்பிடட்டும். வயித்தக் கட்டிப் போட்டது என் தப்பு. தராசும் போதும்."

வீட்டுக்கு வந்ததும் மச்சான் அக்கா காலடியில் உட்கார்ந்து விம்மினார். "நவமணி... என்னென்னமோ பேசிட்டேனே..."

"எந்திரிங்க. புள்ள பாக்குது." சொன்னவளே உடைந்துபோனாள். கங்கா அவள் மடியில் முகம் புதைத்தாள். மூன்று பேரும் அழுதார்கள். நான் மட்டும் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கு உதைத்தது.

"மச்சான், அக்கா சோறு எங்க போச்சு?"

மச்சான் மூக்கைச் சிந்தினார். "கங்கா, உனக்குத் தெரியுமா?" அவள் முந்தானைக்குள் இன்னும் ஒளிந்துகொண்டாள்.

"அக்கா, நீயும் திங்கல, புள்ளைக்கும் குடுக்கல. நான் விட்ட பாதி வேற இருக்கு. அதெல்லாம் யாருதான் தின்னா? இன்னைக்காவது நேராச் சொல்லு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீதான்டா தின்னே. கை நடுங்குறவன அரை வயித்தோட மரத்துக்கு அனுப்புவேனா? உன் பங்கு முழுசும், அதுக்கு மேல என் பங்கும், கிண்ணத்துல அமுக்கி அமுக்கி வச்சேன். பேசிக்கிட்டே தின்னே சோமு... ஒரு நாள்கூடக் குனிஞ்சு பாக்கல."