இடிமார்பனின் கன்னத்துத் தழும்பு

“பீரங்கிக் குண்டு பட்டா குண்டுக்குத்தான் வலிக்கும். அப்பேர்ப்பட்ட இடிமார்பனோட கன்னத்தை, என் தலைமுடி ஒண்ணே ஒண்ணால கீறினவ நான்!”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மாள் இப்படிச் சொன்னார். துப்பறிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூமி இரண்டாகப் பிளந்தாலும் முதலில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் எந்தப் பாதியில் நிற்கிறோம் என்று பார்ப்பார் அவர். உதவியாளனான அவருடைய மனைவியின் தம்பியோ நேர் எதிர். கதவு தட்டும் சத்தத்திலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான், ஒவ்வொரு முறையும் தப்பாக.

“அந்தத் தழும்பு கடல் ராட்சசன் போட்டதும்மா. காமிக்ஸோட மூணாவது இதழ்லயே வந்திருக்கு,” என்றான் அவன். சின்ன வயதில் பேனாவால் தன் கன்னத்தில் அதே தழும்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் உதை வாங்கியவனாயிற்றே!

“அந்த ராட்சசனே என் முடியைச் சமாளிக்க நான் உண்டாக்கினவன்தான், தம்பி. தழும்பு நல்லாருக்குன்னு ஊரே கொண்டாடிச்சு. அதுக்கு ஒரு காரணம் வேணாமா?”

அம்மாள் பையிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மேசை முனகியது. இடிமார்பனின் பழைய காமிக்ஸ் இதழ்களின் மொத்தத் தொகுப்பு. அச்சுக்குப் போகும் முன் தயாரித்த மாதிரிப் பிரதி. அட்டையில், எழுத்தும் ஓவியமும் என்பதற்குக் கீழே அவருடைய அண்ணனின் பெயர். பின்னட்டையில் அண்ணனின் வாலிபப் புகைப்படம். அந்த வயதிலேயே தலை பளபளத்தது. படமெடுத்தவர் விளக்கே போட்டிருக்க மாட்டார்.

“வரைஞ்சதெல்லாம் நான். பொம்பளை வரைஞ்சதுன்னா வாங்க மாட்டாங்கன்னு அண்ணன்தான் கொண்டு போய்க் கொடுப்பான். போன படம் ஒண்ணுகூடத் திரும்பி வரல. இப்ப மூலப்படம் தன்கிட்ட இருக்குன்னு பதிப்பாளர்கிட்ட காட்டியிருக்கான். நான் கண்ணை மூடறதுக்குள்ள என் பேரு அதுல வந்துடணும்.”

“முதல் இதழ் என்கிட்டயே இருக்கு!” என்று உதவியாளன் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

அட்டையில் இடிமார்பன் தலை நிமிர்ந்து நின்றான். கன்னத்தில் தழும்பு. அதற்குக் கீழே மூலைவரை படர்ந்த கறுப்பு அங்கி. மூலையில் வெள்ளை வட்டம், அதற்குள் இதழ் எண். ஒன்று என்ற அந்த எண்ணின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்து, அது கூட்டல் குறி போலத் தெரிந்தது.

“அது அச்சுப் பிழை அத்தான். எல்லாப் பிரதியிலயும் அப்படித்தான்.”

“அப்படியா மாப்ளே?” என்று துப்பறிவாளர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் பதிப்பாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். அண்ணன் கொண்டுவந்த மூலப்படம் மேசைமேல் இருந்தது. பெரிய அட்டை. கன்னத்தில் கச்சிதமான தழும்பு. மூலை வட்டம் மட்டும் காலி.

“இந்தத் தழும்பு நீங்க போட்டதுதானா சார்?”

“பின்னே? முதல் படத்துலயே என் கையால போட்டது.”

“எண்ணைக் காணோமே?”

“அதை அச்சகத்துல தனியா எழுதி, என் படத்து மேல ஒட்டி, அப்புறம்தான் கேமரா முன்னாடி வெப்பாங்க. இதுகூடத் தெரியாமலா துப்பறிய வந்தீங்க?”

“இப்பத்தான் தெரிஞ்சுது. ரொம்ப நன்றி.”

துப்பறிவாளர் பழைய இதழின் மேல் ஒரு நூலை வளைத்து வைத்தார். தழும்பில் தொடங்கிய நூல், அங்கியைக் கடந்து, எண்மேல் விழுந்த கோட்டில் பிசகாமல் போய்ப் படுத்தது.

“தழும்பும் கோடும் ஒரே முடிதான். நடுவுல கறுப்பு அங்கி இருக்கு. கறுப்புல கறுப்பு தெரியல. அது ஒட்டின எண்ணுக்கும் மேல கிடக்குதுன்னா, எண்ணை ஒட்டினதுக்கு அப்புறம் கேமராக் கண்ணாடிக்கு அடியில மாட்டினது. அப்போ, வரைஞ்ச படத்துல கன்னம் சுத்தமாத்தான் இருந்திருக்கும். உங்க மூலப்படம் அச்சான புத்தகத்தைப் பார்த்து வரைஞ்சது. தழும்பு இல்லாமத்தான் வரைஞ்சோம்னு சொல்ல, வரைஞ்சவங்களால மட்டும்தான் முடியும். இந்தம்மா என் அறைக்குள்ள வந்ததும் முதல்ல சொன்னதே அதுதான்.”

“முடி யாருதா வேணா இருக்கலாம்!”

“மூலப்பட அளவுல ஒரு முழ நீளம் வருது. அச்சகத்துல எல்லாருக்கும் கிராப்பு, அதனால படத்தோட ஒட்டிக்கிட்டு வந்த முடிதான். உங்களுக்கு...” துப்பறிவாளர் பின்னட்டைப் புகைப்படத்தைப் பார்த்தார். மரியாதை கருதி வாக்கியத்தை முடிக்கவில்லை.

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார். “நான் தூக்கிட்டு அலையலேன்னா, உன் படமெல்லாம் அடுப்புக்குத்தான் போயிருக்கும்.”

“ஆமாண்ணா. அதுக்காகத்தான் இத்தனை வருஷமா வாயைத் திறக்கல. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

பதிப்பாளர் பெருமூச்சு விட்டார். “இவ்வளவுதானா? தழும்பை எடுக்கச் சொல்வீங்களோன்னு பயந்தே போயிட்டேன். அது இல்லேன்னா ஒரு பிரதி விற்காது. பேருதானே? இன்னிக்கே மாத்திடலாம். அதை யாரு படிக்கிறாங்க?”

அம்மாள் ஜெயித்துவிட்டார். படம் வரைந்த தன் விரல்களைப் பார்த்தார்.

“என்னைவிட என் முடிக்குத்தான் இங்க மவுசு,” என்று சிரித்தார்.

படியிறங்கும்போது உதவியாளன் அவருடைய பையை வாங்கிக்கொண்டான். தெருவுக்கு வந்ததும் நின்றான். பிறகு தன் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டான்.

“கடல் ராட்சசன் இல்லம்மா,” என்றான். “முடிதான்.”