இறங்க முடியாத உயரம்

முன் இருக்கையின் பையில் செருகியிருந்த வாழைக்காய் வறுவல் பொட்டலம் ஊதிப் பெருத்திருந்தது. தலைநகர் லீமாவின் விமான நிலையத்தில் வாங்கியபோது சப்பையாகத்தான் இருந்தது. மேலே ஏறினால் கொஞ்சம் உப்பும் என்பது காசில்தாவுக்குத் தெரியும். ஆனால் இது, விரல் பட்டால் வெடித்துவிடும் என்பதுபோல விறைத்து நின்றது. கையை நீட்டித் தொட்டுப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தொடர்ந்து பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு, காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டு, நேரே விமானத்துக்கு வந்தவள் அவள். மலைக்கு அந்தப் பக்கம் தாராபோட்டோவில் மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு நாளாகிறது. விமானம் கிளம்பவே பிற்பகல் இரண்டாகிவிட்டது. ஜன்னல் வழியே மலைகளின் மேல் கண் கூசும் வெயில். விரல்களில் இன்னும் பிளீச்சிங் வாடை. தோள்பட்டையில் ஈரப் படுக்கைவிரிப்புகளின் கனம் அப்படியே உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடினாள். தூக்கம் வரவில்லை, பின்கதவுப் பக்கமிருந்து, குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் கேட்குமே, அப்படியொரு சன்னமான சீறல் வந்துகொண்டேயிருந்தது.

"தங்கச்சி, உனக்குக் காது அடைக்குதா?" பக்கத்து இருக்கைப் பெரியவர் கேட்டார். லீசாந்த்ரோ என்று பெயர். மோயோபாம்பாவில் காப்பிக்கொட்டை வியாபாரம். ஏறியதிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை.

"காலையிலேர்ந்து எல்லாமே அடைச்சுத்தான் கெடக்கு, அண்ணே."

"லீமாக்காரன் காத்தைக்கூட அளந்துதான் விடுவான் போல." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவளும் சிரித்து வைத்தாள். பணிப்பெண் நான்கு வரிசை முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சட்டையில் 'மாரித்சா' என்று பெயர்ப்பட்டை. காப்பி மணம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அது வெடிச்சத்தம் மாதிரிக் கேட்கவில்லை. நெஞ்சுக்குள்ளேயே யாரோ ஒரு பெரிய கதவை அறைந்து சாத்தியதுபோல இருந்தது. அவளைக் கேட்காமலே மூச்சு முழுவதும் வாய்வழியாக வெளியே பிடுங்கப்பட்டது. வயிறு புடைத்து வலித்தது, காதுக்குள் ஊசி இறங்கியது, எங்கிருந்தோ வெள்ளைப் பனிமூட்டம் பொங்கி இருக்கைகளையும் தலைகளையும் ஒரே நொடியில் விழுங்கியது. எலும்பைத் தொடும் குளிர். காகிதங்கள் பறந்தன. யாரோ கத்தினார்கள், அந்தக் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல மெலிந்திருந்தது.

மூட்டம் கலைந்தபோது ஆக்சிஜன் மாஸ்க்குகளின் மஞ்சள் கிண்ணங்கள் தலைக்கு மேலே தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.

காசில்தா ஒன்றைப் பிடித்து இழுத்து மூக்கில் வைத்து அழுத்தினாள். பிளாஸ்டிக் நாற்றம். மேலே பலகைக்குள் ஆக்சிஜன் டப்பா சூடேறித் தீய்கிற வாடை. அடியில் தொங்கிய பை உப்பவேயில்லை. காற்று வருகிறதா, வரவில்லையா? வந்தது. நூல் மாதிரி வந்தது. விமானம் மூக்கைச் சாய்த்து இறங்கியது. இருக்கையோடு அவளும் விழுந்துகொண்டிருந்தாள். தேவமாதாவை அழைத்தாள். பிறகு சாய்வு நின்றது. விமானம் நேரானது.

ஒலிபெருக்கியில் விமானியின் குரல், மாஸ்க்குக்குள்ளிருந்து கரகரத்தது. "கீழே மலை. இன்னும் இறங்க முடியாது. யாரும் மாஸ்க்கைக் கழட்டாதீங்க. தயவுசெஞ்சு கழட்டாதீங்க."

அவள் திரும்பினாள். லீசாந்த்ரோவின் மாஸ்க் அவர் தாடைக்குக் கீழே தொங்கியது.

"அண்ணே, மூக்குல வைங்க!" மாஸ்க்கை ஒதுக்கிக் கத்திவிட்டு, அவர் முகத்தில் அதைப் பொருத்தினாள். அவர் மெதுவாக எடுத்துவிட்டார்.

"விடு தாயி. இப்பதான் சொகமா இருக்கு."

மறுபடி பொருத்தினாள். மறுபடி எடுத்தார். சலவைக்கூடத்து ஈரமூட்டைபோல அவள் கைகள் கனத்தன. மூன்றாவது முறை ரப்பர் பட்டையை அவர் தலைக்குப் பின்னால் மாட்டப் போனபோது அவர் விரல்களைப் பார்த்தாள். காற்றுப் போதாமல் நகங்கள் நீலம். அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த எதையும் பார்க்காத கண்கள்.

உதவிக்கு ஆள் வேண்டும். பின்னால் திரும்பினாள்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. யாரும் அழவில்லை. யாரும் ஓடவில்லை. வரிசை வரிசையாக எல்லோரும் ஒழுங்காக அமர்ந்திருந்தார்கள். பிறகுதான் கண்ணில் பட்டது. பல மாஸ்க்குகள் யாரும் மாட்டாமல் முகங்களுக்கு முன்னால் ஆடின. சிலர் மாட்டியிருந்தார்கள், ஆனால் கயிற்றை இழுக்கவேயில்லை. கயிறு இழுபடாமல் காற்று வராது. அவர்கள் வெறும் பிளாஸ்டிக்கைச் சுவாசித்தபடி தலை சாய்த்திருந்தார்கள்.

"இழுங்க!" என்று கத்தினாள். "கயித்த இழுங்க!"

ஒரு பெண் மட்டும் தலையைத் தூக்கி, அவளைப் பார்த்துக் கையசைத்தாள். ஊருக்குப் போய்வருகிறேன் என்பதுபோல.

பத்து நிமிடம் ஆகியிருக்குமா? பதினைந்தா? விமானம் இறங்கவில்லை. ஒலிபெருக்கியில் குரல் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிச்சிகரங்கள், மிக அருகில், வெயிலில்.

தீய்ந்த வாடை நின்றது.

நூல்போல வந்த காற்றும் நின்றது.

கயிற்றை இழுத்தாள். இன்னொரு முறை. ஒன்றுமில்லை. லீசாந்த்ரோ கழற்றிவிட்ட மாஸ்க்கை எடுத்து முகத்தில் வைத்தாள். அதிலும் ஒன்றுமில்லை.

வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

மாரித்சா வந்துகொண்டிருந்தாள். முகத்தில் மாஸ்க் இல்லை. மூக்குக்குக் கீழே உறைந்த ரத்தம். உதடுகள் நாவல்பழ நிறம். ஒவ்வொரு வரிசையிலும் நின்றாள். குனிந்தாள். கேட்டாள். பதில் வராமலே நகர்ந்தாள்.

காசில்தாவின் பக்கத்தில் நின்றாள்.

"காப்பிங்களாம்மா?"

மாரித்சாவே கோப்பையைப் பிடித்தாள். ஜாடியைச் சாய்த்தாள். கோப்பை நிறைந்தது. வழிந்தது. அவள் நிறுத்தவில்லை. காப்பி அவள் விரல்களில் ஓடி மணிக்கட்டில் இறங்கியது. ஆவி பறந்தது. தோல் சிவந்தது. முகம் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

"ஐயோ, கை! கைம்மா!"

தடுக்கத்தான் காசில்தா கையை நீட்டினாள். ஜாடியின் வாய்க்குக் கீழே போய் நின்றது அந்தக் கை. ஆவி தெரிந்தது. தோல் சுருங்குவது தெரிந்தது.

சுடவில்லை.

தோளில் வலி இல்லை. முழங்காலில் இல்லை. பதினாறு மணி நேரமும் எங்கோ போய்விட்டது. எவ்வளவு லேசு! பெரியவர் சொன்ன அதே சொகம்.

"சர்க்கரை?" மாரித்சா கேட்டாள்.

"ரெண்டு கரண்டி," என்றாள் காசில்தா. தன் உதடுகள் விரிவது அவளுக்குத் தெரிந்தது. கையை அவள் எடுக்கவில்லை. காப்பி ஊற்றிக்கொண்டேயிருந்தது.