ஊசியில் ஒட்டியது

வெள்ளிக்கிழமை மத்தியானம் பயூமி பூட்டைத் திறந்ததும் மீன் கழுவிய தண்ணீரின் வாடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நவால் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அலெக்சாந்திரியாவே கொண்டாடிய பாடகி ரதீபா, தொண்டை அழுகிச் செத்த வீடு அது. அவளுக்குக் கடைசிவரை ஊத் என்ற நரம்பு வாத்தியம் வாசித்தவர் பயூமி.

மறுநாள் சாயங்காலம் கப்பல்காரர் வீட்டுக் கல்யாணம். ரதீபாவின் பாட்டை அச்சு அசலாகப் பாடினால் நவாலுக்கு மேடை. இல்லாவிட்டால் பழையபடி துறைமுகத்துக் காப்பிக்கடையில் மாலுமிகளின் கூச்சலுக்கு நடுவே கத்த வேண்டியதுதான். அந்தப் பாட்டு இருந்தது ஒரே ஓர் இசைத்தட்டில். அதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாதென்று ரதீபா சத்தியம் வாங்கியிருந்தாள்.

கிராமபோன் பெட்டியில் தட்டு சுழன்றது. பாட்டுக்குப் பதில், கோழை கட்டிய தொண்டைபோலக் கொரகொரவென்றது.

"ஊசி முனை போயிடுச்சும்மா. இதோட ஓட்டினா தட்டையே உழுதுடும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை லீவு. நாளைக்குக் கடை திறந்ததும் புது ஊசி வாங்கிடலாம்."

"நாளைக்கு நான் மேடையில நிக்கணும், நீங்க கடைவாசல்ல நில்லுங்க! வெறும் தூசிதான் அண்ணே, நகருங்க."

ஊரில் எல்லாரும் செய்கிறதையே நவாலும் செய்தாள். விரலை நாக்கில் தொட்டு ஊசியைத் துடைத்தாள்.

விரலில் வந்தது தூசி இல்லை.

மஞ்சளாக, நூல் நூலாக இழுபட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

சீ! பாவாடையில் தேய்த்தாள். ஆனால் ஊசியை வைத்ததும் பாட்டின் முதல் அடி பளிச்சென்று கேட்டது. இரண்டாம் அடியில் மறுபடி கோழை.

மறுபடி நாக்கு. மறுபடி ஊசி. அதே விரல் என்பது, நாக்கில் சீழின் உப்பு பட்டபோதுதான் உறைத்தது.

"சகிக்கல, விட்டுத் தொலைம்மா." பயூமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் விடவில்லை. வழித்தாள், துப்பினாள், மறுபடி வழித்தாள். கடைசியில் பாட்டு முழுவதும் தெளிந்தது.

பயூமி சட்டென்று திரும்பினார். "அவளேதான். கூடவே பாடிப் பாரு."

நவால் வாயைத் திறந்தாள்.

கொரகொர.

செருமினாள். தொண்டை இன்னும் அடைத்தது. பயூமி பதறி ஊசியைத் தூக்கி, தட்டைக் கையால் பிடித்தார். தட்டு நின்றது.

பாட்டு நிற்கவில்லை.

அடியை நிதானமாக முடித்துவிட்டுத்தான் நின்றது. பெட்டிக்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டிருக்குடி," என்றது அந்த இனிய குரல். "விரலை நனைச்சுக்கோ."

மாட்டேன் என்று சொல்ல நவாலிடம் குரல் இல்லை.