எதிர்வாசல் புங்கை

"மரத்துக்கு விசம் வச்சவளுன்னு எம் பேர எழுதிட்டாக அய்யா" என்றாள் முருகம்மாள். வந்ததும் வராததுமாக அவள் சொன்னது அதுதான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது கனகசபாபதியின் துப்பறியும் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு பீரோ. வருகிற வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் உண்மையா என்று விசாரித்து விசாரித்து அவருடைய உதவியாளர் ஆர்த்திக்குக் கல்யாணத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. கொலை வழக்கு ஒன்று வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள், மரக்கொலையாவது வந்ததே என்று நோட்டைத் திறந்தாள்.

முருகம்மாள் சொன்னதன் சுருக்கம் இது. திருத்தங்கலில் ஒரு தெரு. தெருவோர மரம் ஒவ்வொன்றுக்கும் நகர நிர்வாகம் எண் கொடுத்திருக்கிறது. மரம் ஊருக்குச் சொந்தம். ஆனால் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டார்தான் பொறுப்பு. ஆணி அடிக்கக் கூடாது, குப்பை எரிக்கக் கூடாது, கேட்காமல் ஒரு கிளையை ஒடிக்கக் கூடாது. வீட்டார் கவனக்குறைவால் மரம் பட்டுப்போனால் தண்டனை அவர்களுக்கு. நன்றாக வளர்த்தால் குடியரசு தினத்தன்று சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் மேடையேற்றிக் கேடயம் கொடுப்பார்கள். முருகம்மாள் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறவள். டேங்கர் வருகிற நாளில் குடத்தில் பிடித்து மரம் மரமாக ஊற்றுவாள்.

அந்தத் தெருவில் அண்ணன் தம்பி வீடுகள் எதிரெதிரே இருந்தன. அண்ணன் மாரிசாமிக்குப் பட்டாசுக் கம்பெனி, தம்பி நவநீதகிருஷ்ணனுக்கு அச்சகம். அண்ணன் மனைவி சொர்ணலட்சுமி, தம்பி மனைவி யோகேஸ்வரி. இரண்டு வாசலிலும் ஒரே நாளில் நட்ட இரண்டு புங்கை மரங்கள். சென்ற தை மாதம் கேடயம் யோகேஸ்வரிக்குப் போனது. இப்போது சித்திரையில் சொர்ணலட்சுமியின் மரம் கருகிக்கொண்டிருந்தது.

"தூரச் சுத்தி வெள்ளையாப் பொடி பூத்துக் கெடக்கு. நான் பன்னெண்டு வருசம் பட்டாசுக் கம்பெனியில வேலை பாத்தவ. எங்க வீட்டுக்காரரு இருளாண்டி இன்னமும் பாக்காரு. அதனால அங்கனருந்து எடுத்தாந்து வச்சது நான்தானாம். வேலைய நிப்பாட்டிட்டாக. வெள்ளிக்கிழமை போலீசுக்கு எழுதப் போறாகளாம். ரெண்டு புள்ளைக படிக்குதுக அய்யா."

"யாரு எழுதினது?" என்று கேட்டார் கனகசபாபதி.

"மரத்துக்கெல்லாம் பொறுப்பா வந்திருக்காகளே, கீர்த்திகா மேடம்."

ஆர்த்தியின் பேனா நின்றது. கீர்த்திகாவும் அவளும் ஒரே பயிற்சி மையத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்தவர்கள். ஒன்றரை மதிப்பெண்ணில் அவள் உள்ளே, இவள் வெளியே. கீர்த்திகாவின் ஜீப் எண் ஆர்த்திக்கு மனப்பாடம். எந்த நாளில் எந்தச் சேலை கட்டினாள் என்றுகூடச் சொல்லுவாள். காலையில் கண் விழித்ததும் அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து ஒரு மூச்சு வயிறெரிந்துவிட்டுத்தான் பல் துலக்குவது. கீர்த்திகா தப்பாக எழுதியிருக்கிறாள் என்றால் இதைவிடத் தித்திப்பான வழக்கு வேறு கிடைக்குமா?

"போவோம் சார், இப்பவே போவோம்" என்றாள்.

முருகம்மாளையும் கூட்டிக்கொண்டு திருத்தங்கலில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சொர்ணலட்சுமியின் புங்கையைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தீய்ந்திருந்தன. தூரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, வட்டமாக, அழகாகப் பாத்தி கட்டியிருந்தது. பாத்தி முழுக்கத் தேங்காய் மட்டை பரப்பியிருந்தது. கனகசபாபதி மட்டையை விலக்கினார். கீழே விரற்கடை கனத்துக்கு வெள்ளைப் படிகம்.

முருகம்மாள் ஒரு துணுக்கை விரலில் நசுக்கிப் பார்த்தாள். "பட்டாசு மருந்துல சேக்குற வெடியுப்பு அய்யா. சந்தேகமே இல்ல." பிறகு தானாகவே சொன்னாள், "கம்பெனியில இந்த உப்புச் சாக்கு ஒதறுற எடத்துல கீரை முளைச்சுத் தளதளன்னு நிக்கும். புடுங்கிக் கொளம்பு வச்சிருக்கோம்."

கனகசபாபதி தலையசைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார். எல்லாரும் கருகுகிற மரத்தைத்தான் பார்த்திருந்தார்கள். அவர் போய்ச் செழித்த மரத்தின் கீழே குந்தினார். யோகேஸ்வரியின் புங்கை மாடி உயரம் தாண்டிக் குடை விரித்திருந்தது. அவர் சுற்றிச் சுற்றித் தடவி, தெருப்பக்கம் தூரை ஒட்டியே மண் சற்றுத் தாழ்ந்திருந்த இடத்தில் ஒரு குச்சியால் கிளறினார். முழங்கை ஆழத்தில் கிழிந்த பாலித்தீன் பை வந்தது. அதன் மூலையில், இறுகிப்போய், அதே வெள்ளைப் படிகம்.

தான் சாப்பிடக் கொண்டுவந்த சாத்தூர் சேவுப் பொட்டலத்தின் தாளைக் கிழித்து இரண்டு துண்டாக்கினார். இரண்டு உப்பையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, தாளை நனைத்து, வெயிலில் காயவைத்து, ஊதுபத்தி நுனியால் தொட்டார். இரண்டு தாளிலும் தீப்பொறி ஒரே மாதிரி சீறிக்கொண்டு ஓடியது.

"ஒரே உப்பு" என்றார். "ஒண்ணு செத்துக்கிட்டிருக்கு, ஒண்ணு குடை விரிச்சு நிக்குது."

சத்தம் கேட்டு யோகேஸ்வரி வெளியே வந்தாள். பையைக் காட்டியதும் முகம் சுருங்கியது. "நான் வாசல்ல நின்னு தினம் பாக்கேனே, எனக்குத் தெரியாம எப்ப?" உண்மைதான். அவள் வாசலில் நின்றால் அந்தக் குழி இருந்த பக்கத்தை மரமே மறைத்தது.

பிறகு சொர்ணலட்சுமியின் வீட்டுக்குப் போனார்கள். மோர் கொடுத்து உபசரித்தாள். "கம்பெனிச் சாமான் பூரா விசம் சார். கை கழுவாம எங்க வீட்டுக்காரர உள்ள விடமாட்டேன். நான் ஒரு நாளும் அந்த ஷெட்டுப் பக்கம் போனதில்ல. இந்த முருகம்மா மாதிரி ஆளுகளுக்குத்தான் அதெல்லாம் பழக்கம்."

"எதிர்வீட்டு மரம் நல்லா வந்திருக்கே" என்றார் கனகசபாபதி.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி அது சவலைப் புள்ளையாட்டம் நின்னுச்சு. கார்த்திகையில ஆறு கொழுந்து. மார்கழியில பதினேழு கெளை. தையில மாடிய எட்டிருச்சு." தட்டுத் தடுமாறாமல் சொன்னாள்.

"உங்க மரத்துல எத்தனை கெளை?" என்று ஆர்த்தி கேட்டாள்.

சொர்ணலட்சுமி யோசித்தாள். "அத யாரு எண்ணினா?"

மாடி ஜன்னலோரம் ஒரு நாற்காலி கிடந்தது. அது எதிர்வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

டீக்கடையில் உட்கார்ந்ததும் ஆர்த்தி பொரிந்து தள்ளினாள். "யோகேஸ்வரிதான் சார். தன் மரத்துக்கு அளவா உரமா வச்சிருக்கா, அக்கா மரத்துக்கு அள்ளிக் கொட்டியிருக்கா. கீர்த்திகா பாதி மரத்தைத்தான் பாத்திருக்கா."

"தன் மரத்துக்கு உரம் வைக்கிறவ தன் கண்ணுக்கே தெரியாத பக்கமாப் பாத்து ஏம்மா புதைக்கணும்?"

ஆர்த்தி டீயை ஊதினாள்.

"கொல்ல நினைக்கிறவன் எங்க வைப்பான்? தூரை ஒட்டி, ஆழமா, மறைவா. வளக்க நினைக்கிறவன்? தூரைவிட்டுத் தள்ளி, வட்டமா, மட்டை பரப்பி. இப்ப ரெண்டு மரத்தையும் நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். கிளாஸ் பாதியிலேயே நின்றது. செழித்த மரத்துக்கு வைத்தது விஷம் என்று நினைத்து. கருகுகிற மரத்துக்கு வைத்தது உரம் என்று நினைத்து. எல்லாமே தலைகீழ்.

"அப்ப அந்தம்மாவேதான்" என்றாள் மெதுவாக. "அவங்க எதிர்மரத்துல பதினேழு கெளைன்னாங்க சார். தன் மரத்துல எத்தனைன்னு தெரியல. வயித்தெரிச்சல்ல இருக்கிறவங்களுக்கு அடுத்தவங்க கணக்குத்தான் தெரியும், தன் கணக்குத் தெரியாது. எனக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கீர்த்திகாவின் ஜீப் எண் நாக்கு நுனியில் நின்றது. தன்னுடைய ஸ்கூட்டியின் எண்ணை அவள் இன்னமும் பார்த்துத்தான் சொல்லுவாள். வெட்கமாக இருந்தது.

கனகசபாபதி அதைக் கேட்காதது போல எழுந்தார். "ஒரு கஷ்டம் இருக்கு. யாரும் பாக்கல. உப்பு எந்தக் கம்பெனியிலயும் இருக்கும். நியாயம் இருக்கு, சாட்சி இல்ல."

வெள்ளிக்கிழமை காலை கீர்த்திகா ஜீப்பில் வந்திறங்கினாள். கையில் கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை. ஆர்த்தியைப் பார்த்து, "நீ இங்கயா?" என்றாள். ஆர்த்தியின் வயிறு வழக்கம்போல் ஒரு தரம் எரிந்து அடங்கியது. இரண்டு வீட்டாரும் நடுத்தெருவில் கூடினார்கள். முருகம்மாள் புருஷனோடு தள்ளி நின்றாள்.

கனகசபாபதி பாலித்தீன் பையைக் காட்டினார், தாளைக் கொளுத்திக் காட்டினார், தூரை ஒட்டி வைத்ததையும் தள்ளி வைத்ததையும் விளக்கினார்.

"ரெண்டையும் வச்சது ஒரே கை மேடம். ஐப்பசியில எதிர்மரத்தைக் கொல்ல ஒரு பை வெடியுப்பு வச்சது. அதை விசம்னு நினைச்சது. கம்பெனியில வேலை பாத்தவங்க ஒருத்தர்கூட அப்படி நினைக்கமாட்டாங்க, அவங்க அந்த உப்புல முளைச்ச கீரையச் சாப்பிட்டவங்க. அதை விசம்னு நம்புறது ஷெட்டுக்குள்ள கால் வைக்காத முதலாளி வீட்டுக்காரங்கதான், அவங்க கேட்டா உப்பு வீடு தேடி வரும். மழையில உப்புக் கரைஞ்சு உரமாப் போச்சு. மரம் எந்திரிச்சது, கேடயமும் வாங்குச்சு. ஜன்னல்ல உக்காந்து அதைப் பாத்தவங்களுக்கு, ஓஹோ, இதுதானா ரகசியம்னு தோணுச்சு. அவளுக்கு ஒரு பைன்னா எனக்கு ஒரு மூட்டைன்னு மாசியில தன் மரத்துக்குக் கொட்டினாங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். மழையில்லாத வெயில்ல மூட்டை உப்பு வேரைத் தீச்சிருச்சு."

எல்லாருடைய பார்வையும் சொர்ணலட்சுமி மேல் போனது. மாரிசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"யாரு பாத்தா?" என்றாள் அவள். குரல் அசையவில்லை. "நான் வச்சத யாரு பாத்தா, சொல்லுங்க."

"யாரும் பாக்கலம்மா" என்று ஒப்புக்கொண்டார் கனகசபாபதி.

கீர்த்திகா கோப்பைப் பார்த்தாள். "சார், நீங்க சொல்றது பொருந்துது. ஆனா சாட்சி இல்லாம நான் எப்படி மாத்தி எழுதறது?" முருகம்மாள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை விடுங்க. நல்லா வளந்த மரத்தைப் பத்தியாச்சும் சரியா எழுதிருவோம்" என்று கனகசபாபதி திரும்பினார். "யோகேஸ்வரியம்மா, இந்த மரம் இம்புட்டு வளந்ததுக்கு என்ன காரணம்?"

யோகேஸ்வரி மூக்குத்தி மின்னச் சிரித்தாள். "என் கைராசி சார். நான் தொட்டா பட்டமரமும் தழைக்கும். அக்காவுக்கு அந்தக் கை கெடையாது, பாவம்."

"எழுதிக்குங்க மேடம். யோகேஸ்வரியம்மாவோட கைராசி."

கீர்த்திகா பேனாவைத் தாளில் வைத்தாள். சொர்ணலட்சுமியின் முகம் சிவந்தது.

"எது கைராசி?" என்றாள். "மூணு வருசமா நோஞ்சானா நின்ன மரம். நான் அந்தக் குழியத் தோண்டி, அந்த உப்ப வைக்கலைன்னா அது இன்னைக்கும் ஆளு ஒசரந்தான். மேடை ஏறி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாளே, அந்தக் கேடயம் யாரால வந்துச்சு? என்னால. என் கையால."

தெரு முழுக்கக் கேட்டது. சொன்னது என்னவென்று அவளுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் கீர்த்திகா முதல் வரியை எழுதி முடித்திருந்தாள்.

ஒப்பந்தக்காரருக்கு அங்கிருந்தே போன் போனது. முருகம்மாளுக்கு நாளையிலிருந்து வேலை. நின்ற நாட்களுக்கும் கூலி. அவள் கும்பிடக்கூட மறந்து நின்றாள். கீர்த்திகா கோப்பை மூடியபடி ஆர்த்தியின் காதருகே, "உன் வேலைதான்டி வேலை. நான் நாள் முச்சூடும் கையெழுத்துத்தான் போடுறேன்" என்றாள். அந்தக் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. ஆர்த்திக்கு அது ஒரு மாதத்துக்குப் போதும்.

பிறகு கீர்த்திகா தண்டனையைச் சொன்னாள். "மூட்டை உப்பும் வெளியேற அந்த மரத்துக்குத் தண்ணி விட்டுப் பாருங்க. அதோட விதிப்படி ஒரு மரத்தைக் கெடுத்தா பத்துக் கன்னு நட்டு மூணு வருசம் வளக்கணும். உங்க வீட்டுச் சுவரு நெடுக நடுங்க."

"பத்தா?" என்றாள் சொர்ணலட்சுமி. எதிர்வாசலைப் பார்த்தாள். அங்கே ஒன்றுதான் நின்றது. அழுத கண்ணில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முருகம்மாளிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"முருகம்மா, அவ மரத்துக்கு எத்தனை கொடம் ஊத்துவ?"

"ரெண்டும்மா."

"என் கன்னுகளுக்கு மூணு மூணா ஊத்து."

"நான் ஊத்த மாட்டேம்மா" என்றாள் முருகம்மாள். குடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "நீங்க ஊத்துங்க. நான் பக்கத்துல நின்னு பாத்து, போதும்னு சொல்லுதேன்."